மடிப்புக்கு ஆறு அங்குலம்

புயல் காலம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளைக் கவனிப்பதற்கென்று ஓர் அலுவலகம் உண்டு, அங்கிருந்து வந்தது. மருமகள் அதை அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். சுற்றி வளைத்து ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். விஷயம் சின்னதுதான். நோயாளி படுத்திருப்பது கேரேஜில் என்பதால், கேரேஜ் கதவுக்கு உள்பக்கமிருந்து நான்கு முட்டுக் கம்பங்கள் பொருத்த வேண்டும். பருவம் முடிகிறவரை, அதாவது ஆறு மாதம், அவற்றைக் கழற்றக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்க்கும். சரியாக இருந்தால் நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு, ஹோம் என்கிறார்களே அதற்கு, மாற்றிவிடுவார்கள்.

அந்த 'இல்லையென்றால்' என்கிற இடத்தை மட்டும் அவள் மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

நோயாளி என்று தாளில் எழுதியிருந்தது அவளுடைய மாமனாரை. முப்பது வருஷம் டிராஃபிக் போலீஸாக நாற்சந்தியில் நின்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சில் ஒரு சொல், இரண்டு சொல் மட்டும் விட்டு வைத்தது. புத்தியில் கை வைக்கவில்லை. அது பாட்டுக்குப் பழையபடி வேலை செய்தது. படுக்கையறைகள் எல்லாம் மாடியில் இருந்ததால், காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கேரேஜில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கார் நிறுத்துகிற இடத்துக்கு யார் ஜன்னல் வைப்பார்கள்? காலையில் அந்தப் பெரிய கதவைத் தூக்கி விட்டால் வெளிச்சம் வரும், தெரு தெரியும். சாயங்காலம் இறக்கி விட்டால் டியூப் லைட்தான்.

கதவைத் தூக்கி விடுவது, அவரைத் துடைத்துச் சட்டை மாற்றுவது, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது, ஊட்டுவது, மாத்திரை, மலம், மூத்திரம், எல்லாம் மருமகள்தான். அவள் திரைச்சீலை தைக்கிறவள். முன்பெல்லாம் கடைக்காகத் தோளில் டேப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பாள். முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் நுழைந்து, அவர்களுடைய சோபாவையும் சண்டையையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவது அவளுக்குப் பிடித்த வேலை. இந்த இரண்டு வருஷமாக வேறு யாரோ அளக்கிறார்கள். துணி மட்டும் வீட்டுக்கு வருகிறது. முன்னறையில் மெஷினைப் போட்டுத் தைத்துக் கொடுக்கிறாள். அவள் மாமனாரை வெறுக்கவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இதை வெளியே சொன்னால் ஊர் சும்மா விடாது என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். காற்று பலமாக அடித்தால் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அவன் வீட்டைவிட்டு ஓடுவான். போன புயலுக்குப் போனவன் ஆறாம் நாள்தான் தாடியோடு திரும்பி வந்தான். ஆகவே புயல் வரும் நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. பருவம் முழுக்கக் கம்பங்கள் நின்றபடி இருக்க வேண்டியதுதான். அவன் தாளைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

"அப்பா எங்கயும் போகமாட்டார். கதவைச் சரி பண்றோம்."

அவன் 'பண்றோம்' என்று சொன்னால் அதில் பாதி அவள் தலையில்தான் விழும் என்பது அவளுக்குப் பழகிய கணக்கு. இருந்தாலும் கேட்டாள்: "ஒரு கதவுக்கு இவ்வளவு எதுக்குங்க?"

"வீட்டுலயே பெரிய ஓட்டை அதுதானே. ஜன்னல் உடைஞ்சா தண்ணி வரும், தொடைச்சுக்கலாம். இந்தக் கதவு உள்ள சரிஞ்சதுன்னா காத்து மொத்தமா உள்ள பூந்து, வெளிய போக வழியில்லாம கூரையைத் தூக்கிரும். நான் பார்த்திருக்கேன். வீடு அப்படியே இருக்கும், கூரை மட்டும் அடுத்த தெருவுல கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் தன் பங்கை முடித்தான். கீல்களில் ஆடிக்கொண்டிருந்த திருகுகளை முறுக்கினான். தேய்ந்த உருளைகளை மாற்றினான். கதவு ஓடும் தடத்தைத் துடைத்து எண்ணெய் விட்டான். மேலே சுருண்டிருந்த பெரிய ஸ்பிரிங் பக்கம் மட்டும் போகவில்லை. அது கையை எடுத்துவிடும், அதற்கென்று ஆள் இருக்கிறார்கள் என்றான். பிறகு தரையில் நான்கு துளை போட்டு, விரல் உயரத்துக்கு நான்கு இரும்புக் குமிழ்களை இறுக்கினான். கதவுக்கு மேலே ஓடும் உத்தரத்தில் அவற்றுக்கு நேராக நான்கு பிடிகளைப் பொருத்தினான். கம்பத்தின் அடி குமிழ்மேல் உட்காரும், தலை பிடிக்குள் போகும், போல்ட் போட்டால் முடிந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் 'நில்', 'வா', 'கொஞ்சம் தள்ளு' என்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மகனும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு ஏணியை நகர்த்தினான்.

"கட்டிங் மாஸ்டர்," என்று அவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். வேடிக்கையாக இருக்கும்போது மனைவியை அப்படித்தான் கூப்பிடுவான். "அளவு உன் டிபார்ட்மென்ட். தரையில இருந்து பிடி வரைக்கும் எடுத்து எழுதிரு. நான் போற வழியில கடையில குடுத்துடறேன்."

அவள் ஏணியில் ஏறி, டேப்பைத் தொங்கவிட்டு, எண்பத்தெட்டு அங்குலம் என்று பார்த்தாள். சீட்டில் எழுதி மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

கம்பங்கள் பத்து நாள் கழித்து, புதன்கிழமை வந்தன. ஆள் வந்து பார்க்கிற வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான். கனமான அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் அவள் உயரத்தைத் தாண்டியது. லைன்மேன் ஒன்றைத் தூக்கிக் குமிழ்மேல் வைத்து நிமிர்த்தினான். நிமிரவில்லை. தலை உத்தரத்தில் இடித்துக்கொண்டு சாய்ந்தே நின்றது. அடுத்ததை எடுத்தான். அதுவும் அப்படியே. அவன் டேப்பை எடுத்து அளந்தான். தொண்ணூற்று நான்கு.

"கடைக்காரன் தப்பு பண்ணிட்டான்," என்று சொல்லிக்கொண்டே பில்லோடு வந்த சீட்டைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றான். சீட்டில் அவள் கையெழுத்தில் 94 என்று அழகாக, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "மடிப்பு சேர்த்துட்டேங்க."

"என்னது?"

"திரைக்கு மேல் மடிப்பு ரெண்டு இஞ்ச், கீழ் மடிப்பு நாலு இஞ்ச் சேர்த்துத்தான் எழுதுவோம். கை பழக்கம். அதுவா எழுதிருச்சு."

அவன் முதலில் சிரித்தான். இரும்புக்கு மடிப்பா, ஓரத்துக்கு லேஸ் வேண்டாமா என்று கேட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மாத்தித் தரணும்னா பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமை ஆள் வந்துருவாங்க."

"அப்போ?"

"அப்போ என்ன பண்றது? நம்ம கையில என்ன இருக்கு? ஆறு மாசம்தானே."

அதை எவ்வளவு சுருக்காகச் சொன்னான் என்பதை அவள் கவனித்தாள். இரண்டு வாரமாக நிமிர்ந்திருந்த நெஞ்சு ஒரு மூச்சில் இறங்கிவிட்டது. அப்பாவை அனுப்பிவிட்டான் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. கம்பம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். குற்றம் ஒரு டேப்புடையது. அவன் டியூட்டிக்குக் கிளம்பிப் போனான். போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனதாகக்கூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். இருபது வருஷக் கைப்பழக்கம் என்பது உண்மைதான். ஆனால் போன மாதம் அடுப்படி அலமாரிக்குப் பலகை அளந்தபோது மடிப்புச் சேர்க்கவில்லை. கட்டிலுக்கு மெத்தை அளந்தபோது சேர்க்கவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் கை ஏன் தானாகச் சேர்த்தது? தான் வேண்டுமென்றே செய்தோமா என்று தன்னையே கேட்டாள். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆறு மாதம் என்று மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இனிப்பாக இருந்தது. உடனே அசிங்கமாகவும் இருந்தது. எழுந்து போய் அவருக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போலக் கதவைத் தூக்கி, அவரைத் தெருவைப் பார்க்க உட்கார வைத்தாள். மூலையில் நான்கு கம்பங்களும் சுவரில் சாய்ந்திருந்தன. அவர் தலையைத் திருப்பி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீளம்," என்றார்.

"ஆமா மாமா. கொஞ்சம் நீளமாப் போச்சு."

"எவ்ளோ?"

"ஆறு இஞ்ச்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "மடிப்பு," என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. பிரேக் பிடிக்கவில்லை சார், சிக்னல் தெரியவில்லை சார் என்று சொன்ன ஆயிரம் முகங்களை நேருக்கு நேர் பார்த்து, எது பொய் எது மெய் என்று பிரித்தவர் அவர். அவர் எதிரில் தான் கையும் களவுமாக நிற்பதாக அவளுக்குப் பட்டது. அதன்பிறகு அவள் யோசிக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியிலிருந்து புருஷனின் கருவிப் பெட்டியை இழுத்து, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு வந்தாள். பாசம் பொங்கி வழிந்து செய்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரோஷம்தான். அளவு தெரியாதவள் என்றும் பெயர் வேண்டாம், அளவு தெரிந்தே செய்தவள் என்றும் பெயர் வேண்டாம்.

"விடும்மா," என்றார் அவர்.

"இருக்கட்டும் மாமா. அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலை இல்லை. குழாயைச் சுற்றி வெட்டுக்கோடு நேராக விழ, திரைத் துணியின் ஓர நாடாவைச் சுற்றிக் கட்டி, தையல் சாக்கால் கோடு போட்டாள். எண்பத்தெட்டு. நான்கு தடவை அளந்தாள். கை தானாகக் கூட்டிவிடுமோ என்று பயந்து ஒவ்வொரு தடவையும் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே குழாயைக் கிடத்தி, முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுத்தாள். அலுமினியத் தூள் புடவையில் மினுமினுத்தது. முதல் கம்பம் முடியும்போது பதினொரு மணி. அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. இரண்டாவதில் பிளேடு முறிந்தது. மாற்றுப் பிளேடு ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், மீதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அறுத்தாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் வந்து ஒன்று உடைந்தது. அதில் நாடாவைச் சுற்றிக்கொண்டாள். நடுவே அவருக்குச் சாப்பாடு ஊட்டினாள், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றினாள், திரும்ப நாற்காலிக்கு மாற்றினாள். அவர் அவள் அறுக்கிறதையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு நாலும் தயார். அறுத்த முனையை அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தாள். பொருத்த வேண்டுமென்றால் கதவை இறக்க வேண்டும். கதவை இறக்கித் தாழ் போட்டு, அதைத் தூக்குகிற மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, லைட்டைப் போட்டாள். முதல் கம்பத்தின் அடியைக் குமிழ்மேல் வைத்து, தலையைப் பிடிக்குள் தள்ளி நிமிர்த்தினாள். கதவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நல்ல திரை ஜன்னலில் சரியாக விழும்போது வருகிற அதே சந்தோஷம். ஏணியில் ஏறி போல்ட்டை முறுக்கினாள். இரண்டாவதையும் நிறுத்தினாள். மூன்றாவதை முறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"முட்டுது."

அவள் திரும்பாமலே கேட்டாள்: "எங்க மாமா முட்டுது? மேலயா, கீழயா?"

அவள் இறங்கி, கம்பத்தின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தாள். முட்டுவதாகத் தெரியவில்லை. இருந்தாலும் பெரியவர் கண்ணுக்கு ஏதாவது பட்டிருக்கும் என்று, கம்பத்தைக் கழற்றி அடியில் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடியும் மாட்டினாள். நான்காவதையும் நிறுத்தினாள்.

"முட்டுதும்மா," என்றார் மறுபடியும்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பிக்கூட இல்லாமல் அறுத்திருக்கிறாள், இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து குற்றம் கண்டுபிடிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பேப்பர் துண்டு ஒன்றைக் கிழித்து, ஒவ்வொரு கம்பத்தின் தலைக்கும் மேலே விட்டு எடுத்துக் காட்டினாள்.

"பாருங்க மாமா. காகிதம் போய் வருது. முட்டவே இல்ல."

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

சாயங்காலம் லைன்மேன் வந்து கம்பங்களைப் பார்த்தான். பார்த்த முதல் நொடியில் அவன் முகம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு சுதாரித்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கினான், தோளால் மோதினான், கதவு இம்மியும் அசையவில்லை. அப்பாவின் தோளைத் தட்டி, "இனிமே எந்தப் புயல் வந்தாலும் பரவாயில்லப்பா," என்றான். மனைவியிடம், "உனக்குக் கரண்ட் கம்பத்துல ஏறக் கத்துக் குடுத்தா என் வேலை போயிரும்," என்றான். அவள் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாத விடுதலையைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டுவிட்டோம் என்று அவளுக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் வேலை சுத்தமாக வந்திருந்தது. அதில் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். குட்டையான, வேகமாக நடக்கிற ஒரு அம்மா. கையில் அட்டை, காதில் பேனா. வந்ததும் வராததுமாகக் கம்பங்களை ஆட்டிப் பார்த்தார். போல்ட்டுகளில் விரல் வைத்துப் பார்த்தார். குமிழ்களைக் காலால் உதைத்தார். அவசரத்துக்கு அடுப்படிப் பக்கத்து உள்கதவு வழியாகச் சக்கர நாற்காலி போகுமா என்று கேட்டார். லைன்மேன் தான் செய்து வைத்த மரச் சரிவைக் காட்டி, நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினான். நிலையில் இரண்டு பக்கமும் விரல் அகலம்தான் இடம் இருந்தது, தள்ள அவன் பலம் முழுக்க வேண்டியிருந்தது. ஆனால் போனது. அட்டையில் ஒவ்வொன்றாக டிக் விழுந்தது.

"யார் பொருத்தினது?"

"என் வீட்டுக்காரிதாங்க," என்றான் லைன்மேன். அசடு வழியச் சிரித்துக்கொண்டு, "அவளே அறுத்து, அவளே மாட்டினது."

"நல்லா வந்திருக்கு. பல வீட்ல ஆள் வெச்சுச் செஞ்சே இப்படி நிக்கல." ஆய்வாளர் தாளின் கடைசிக்கு வந்தார். "ஒண்ணே ஒண்ணு பாக்கி. அவர் சம்மதம் கேக்கணும். ஃபார்மாலிட்டிதான்." நாற்காலிக்கு முன்னால் குனிந்து, சத்தமாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். "ஐயா, ஆறு மாசம் இந்த ரூம்லயே இருக்க உங்களுக்குச் சம்மதம்தானே?"

"இல்ல," என்றார் மாமனார்.

மூன்று பேரும் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தார்கள்.

"ஹோம்," என்றார் அவர். "போறேன்."

"அப்பா," என்றான் லைன்மேன். "என்னப்பா சொல்றீங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவும்."

அவர் மகனைப் பார்க்கவில்லை. ஆய்வாளரைப் பார்த்தார். "ஜன்னல்," என்றார். "அங்க?"

"இருக்குங்க ஐயா. எல்லா ரூம்லயும் இருக்கு. ரோட்டைப் பார்த்தாப்புலயும் ரெண்டு மூணு ரூம் காலியா இருக்கு."

அவர் இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். "நல்லா இருக்கு. திறக்காது." பிறகு அதே கையை நெஞ்சின்மேல் வைத்தார். "மூச்சு. முட்டுது."

மருமகளுக்கு முதலில் வந்தது கோபம்தான். கையில் நாடா சுற்றிய கொப்புளத்தோடு நிற்கிறாள். இதை நேற்றே சொல்லியிருந்தால் ஒரு பிளேடும் ஒரு நாளும் மிச்சமாகியிருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டத் தொடங்கினாள். தொடங்கியதும்தான் உறைத்தது. நேற்று அவர் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அவள் கம்பத்தைத் தேய்த்தாள், காகிதத்தை விட்டுக் காட்டினாள்.

இரண்டு வாரமாக அந்த வீட்டில் எல்லாரும் அவரைப் பற்றியேதான் பேசினார்கள். மகன் தன் பெயரைப் பற்றி யோசித்தான். அவள் தன் ஆறு மாதத்தைப் பற்றி யோசித்தாள். அலுவலகம் கூரையைப் பற்றி யோசித்தது. காலை ஏழு மணிக்கு ஏறி சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குகிற அந்தக் கதவு ஏறாமலே போனால் அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தினம் அதைத் தூக்குகிறவள் அவள். அவளுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

லைன்மேன் இன்னும் நாலைந்து தடவை 'அப்பா' என்றான். அவர் ஒவ்வொன்றுக்கும் 'போறேன்' என்றார். ஆய்வாளர் டிக் போட்டிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளை எடுத்தார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வேன் வரும்வரை கம்பங்களைக் கழற்றக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மதியம் வேன் வந்தது. பின்னால் நாற்காலியைத் தூக்கி ஏற்றுகிற பலகை வைத்த வேன். அது கேரேஜ் வாசலுக்கு நேராகத்தான் நிற்க முடியும் என்று டிரைவர் சொன்னதால் கம்பங்களைக் கழற்ற வேண்டி வந்தது. ஒரு நாள் முழுக்க அறுத்து மாட்டிய வேலை பத்து நிமிஷத்தில் கழன்று சுவரோரம் போய்ச் சாய்ந்தது. லைன்மேன்தான் கழற்றினான். கழற்றி முடித்ததும் அப்பாவின் துணிகளை எடுத்து வைக்கிறேன் என்று மாடிக்குப் போனான். துணிப்பை கீழே, கட்டிலின்மேல்தான் இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் படிக்கட்டுவரை கேட்டது. அவனை யாரும் கூப்பிடவில்லை.

அவள் கதவைத் தூக்கினாள். நான்கு நாளாக டியூப் லைட்டில் கிடந்த அறைக்குள் வெளிச்சம் வந்து கட்டில்வரை விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார். டிரைவர் வேனைத் திருப்பி நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இவர் இடது கையால் 'இன்னும் வா, இன்னும் வா, போதும்' என்று காட்டினார். டிரைவர் கைக்குக் கட்டுப்பட்டு நிறுத்தினார்.

அவள் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் தூக்கி மிதியின்மேல் சரியாக வைத்தாள். செருப்பை மாட்டினாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா. அந்த ஆறு இஞ்ச். பழக்கத்துல சேர்த்தேனா, வேணும்னே சேர்த்தேனான்னு எனக்கே தெரியல."

"தெரியும்," என்றார்.

"உங்களை அனுப்பிட்டா கொஞ்ச நாள் நிம்மதின்னு நெனச்சது நெஜம். மறைச்சு என்ன ஆகப்போகுது? நெனச்சேன்."

"தெரியும்மா."

"கோபம் இல்லையா?"

சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வரிசையில் நிறுத்துகிறார் என்பது அவர் தாடை அசைவதில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் முதல் சொல்லிலேயே புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவாள்.

"வந்துச்சு," என்றார். "நீ... அறுத்தப்போ."

"அறுத்தப்பவா?"

"நீளமா இருந்தா... நான் பாட்டுக்குப் போயிருப்பேன். பேசாம. அவன்... உன்னையும் சொல்லமாட்டான். என்னையும் சொல்லமாட்டான்." மூச்சு வாங்கினார். "நல்லா நீளமா... அளந்தே. அப்புறம்... அறுத்துட்டே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் சிரித்தபடிதான் இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற மகனிடம், இத்தனை பேர் பார்க்க, உன் வீட்டில் இருக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்ல வேண்டி வந்ததே என்பதுதான் அந்தக் கண்ணில் இருந்தது. சொல்லாமல் போக ஒரு வழி இருந்தது. கம்பம் பொருந்தாமல் இருந்தால் போதும். அது பொருந்தவே கூடாது என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார், அவளும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே அறையில், நாலு அடி தள்ளி, ஒரே வேண்டுதல். அதை வைத்துக்கொண்டு அவள் நாள் முழுக்க அறுத்தாள், அவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரை முதல்முறையாக ரொம்பப் பிடித்தும் போனது, இவ்வளவு நாள் கழித்து, வேன் வந்து நிற்கும்போது.

"இனிமே என்ன வேணும்னாலும் வாயைத் திறந்து சொல்லிடுங்க மாமா," என்றாள்.

"நீயும்," என்றார் அவர்.

டிரைவர் பலகையை இறக்கிவிட்டு, ரெடியா என்று கேட்டார். அவள் எழுந்து, நாற்காலியின் பிரேக்கை எடுத்தாள்.